கவிழ்த்து வைத்த கட்டர்: வீட்டில் செய்யும் பவர் டூல்களில் விடுபட்டுப் போவது என்ன?

எங்கள் வீட்டுப் பின்பக்கச் சுவரில், இடுப்பு உயரத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து கிடக்கிறது. பெயிண்ட் அடிக்க வந்தவர் பட்டி வைத்து மூடிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இந்தப் பதிவு அந்தப் பெயர்ந்த இடத்தைப் பற்றியது.

ஒரு புத்தக அலமாரி செய்ய ஆசைப்பட்டேன். பலகையை நேராகக் கிழிக்க டேபிள் சா வேண்டும். நான் விசாரித்தபோது ஓரளவு நல்ல மெஷின் 30,000 ரூபாய்க்கு மேல் சொன்னார்கள். ஒரே ஒரு அலமாரிக்கு இவ்வளவா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அந்த வீடியோ கண்ணில் பட்டது. டைல்ஸ் வெட்டும் மார்பிள் கட்டரை ஒரு ப்ளைவுட் பலகைக்கு அடியில் கவிழ்த்து மாட்டி, பிளேடு மட்டும் மேலே தெரிகிற மாதிரி ஒரு கீறல் போட்டால் டேபிள் சா ரெடி. கட்டர், மரம் வெட்டும் பிளேடு, போல்ட் நட்டு எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய் தாண்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி நாளில் செய்து முடித்தேன்.

நன்றாகவே வேலை செய்தது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பம். ஓடவே இல்லை என்றால் தூக்கிப் போட்டிருப்பேன்.

மூன்றாவது மாதம் ஒரு மதியம். பலகையின் மறுமுனையை மகள் பிடித்திருந்தாள், எட்டாம் வகுப்பு. பாதி வெட்டும்போது கரண்ட் போனது. பலகையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய் டீ குடித்தோம். திரும்பி வந்து, பிளேடில் சிக்கியிருந்த பலகையை எடுக்கலாம் என்று நான் முன்பக்கம் குனிந்தேன். அவள் பின்பக்கம் பிடிக்கக் கை நீட்டினாள். கரண்ட் வந்தது. மெஷின் தானாக ஓட ஆரம்பித்து, பலகையிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து எறிந்தது. அது என் இடுப்பை ஒட்டிப் போய்ச் சுவரில் அடித்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடியோவில் இல்லாதது

அன்று இரவு அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். பிறகு அதே மாதிரி பத்துப் பதினைந்து வீடியோக்களை, கையில் நோட்டு வைத்துக்கொண்டு பார்த்தேன். எல்லாம் ஒரே அச்சு. பாட்டு ஓடும், கை ஓடும், கடைசி இரண்டு நிமிடம் பலகை வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். பேச்சே இல்லாத வீடியோக்களும் உண்டு. "எச்சரிக்கை" என்று ஒரு வரி சில இடங்களில் வரும், கண்ணாடி போடுங்கள் என்று. அவ்வளவுதான்.

சாஃப்ட்வேரில் இதற்கு ஒரு பெயர் உண்டு, ஹேப்பி பாத். பயனர் சரியாகத் தட்டுவார், நெட்வொர்க் இருக்கும், டிஸ்கில் இடம் இருக்கும் என்று எல்லாமே நல்லபடியாக நடப்பதாக வைத்துக்கொண்டு எழுதும் கோடு. டெமோவில் அது அருமையாக ஓடும். ஆனால் நிஜத்தில் ஓடும் ஒரு புரோகிராமில் பாதிக்கு மேல் "இது தப்பாகப் போனால் என்ன செய்வது" என்ற வரிகள்தான். அந்த வரிகளை டெமோவில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இந்த வீடியோக்கள் மீதான என் விமர்சனம் இதுதான்: கருவி செய்யும் வேலையைக் காப்பி அடிக்கிறார்கள், கருவி தோற்கும் விதத்தை விட்டுவிடுகிறார்கள். "பத்தில் ஒரு பங்கு விலையில் அதே மெஷின்" என்பது பொய். மீதி ஒன்பது பங்கில் கம்பெனி லாபமும் விளம்பரமும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நல்ல நாளில் எந்த வேலையும் செய்யாத சில பாகங்களுக்கான விலையும் அதில் இருக்கிறது.

சும்மா இருக்கும் பாகங்கள்

முதலில் ஸ்விட்ச். மார்பிள் கட்டரில் இருப்பது கையில் பிடித்து வேலை செய்வதற்கான ஸ்விட்ச். கவிழ்த்து மாட்டும்போது அதை லாக் பட்டன் போட்டோ, கேபிள் டை கட்டியோ நிரந்தரமாக ஆன் செய்துவிட்டு, வெளியே ஒரு சாதாரண பிளக் பாயிண்ட் ஸ்விட்சில் இயக்குகிறோம். சாதாரண ஸ்விட்சுக்கு ஞாபக சக்தி அதிகம். கரண்ட் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் "என்னை ஆன் செய்துவிட்டுத்தானே போனீர்கள்" என்று ஓட ஆரம்பிக்கும்.

முறையான டேபிள் சாவில் இருக்க வேண்டியது நோ-வோல்ட் ஸ்விட்ச். உள்ளே ஒரு சின்னக் காந்தச் சுருள்தான் ஸ்விட்சைப் பிடித்து வைத்திருக்கும். கரண்ட் போனால் பிடி விட்டுவிடும். திரும்ப வந்தாலும், பச்சை பட்டனை ஒருவர் அழுத்தினால்தான் ஓடும். நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டரில் இருப்பதும் இதே சங்கதிதான். கரண்ட் போய் வந்தால் மோட்டார் தானாக ஓடக் கூடாது என்பதற்காக வைத்த அந்தச் சுருளை, ராத்திரி எழுந்து போகச் சோம்பல்பட்டு "ஆட்டோ" மாட்டித் தோற்கடிப்பதும் நாம்தான். கிணற்றில் இறங்கியிருப்பவர் கதி அப்போது என்ன என்பது வேறு கதை. மரத்துக்கு ஏற்ற நோ-வோல்ட் ஸ்விட்ச் தனியாகவே கிடைக்கிறது, பெரிய விலையும் இல்லை. நான் பார்த்த எந்த வீடியோவிலும் அது இல்லை.

இரண்டாவது, ரைவிங் நைஃப். பிளேடுக்குப் பின்னால் ஒட்டி நிற்கும் ஒரு மெல்லிய இரும்புத் தகடு. பிளேடு ஏறி இறங்கினால் கூடவே ஏறி இறங்கும். பார்த்தால் ஒரு வேலையும் இல்லாத மாதிரி இருக்கும். அதன் வேலை, வெட்டிய கீறல் மறுபடி மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் பார்த்துக்கொள்வது. மரத்துக்குள் இறுக்கம் இருக்கும். நீளவாக்கில் கிழிக்கும்போது சில பலகைகளின் இரண்டு பக்கமும் உள்நோக்கி வளையும். அல்லது நாம் வைத்த ஃபென்ஸ் கட்டை பின்பக்கம் ஒரு மில்லிமீட்டர் நெருங்கியிருக்கும். எப்படியோ பலகை பிளேடின் பின்பக்கப் பற்களில் படும். முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழே அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி வந்து நம் பக்கம் திரும்புகின்றன. அவை பலகையைக் கவ்வினால் தூக்கி நம்மை நோக்கி எறியும். இதைத்தான் கிக்பேக் என்கிறார்கள்.

எவ்வளவு வேகத்தில் எறியும்? 10 அங்குல டேபிள் சா நிமிடத்துக்கு 4,000 சுற்று என்று வைத்தால் பல்லின் வேகம் விநாடிக்கு 53 மீட்டர். மணிக்கு 190 கிலோமீட்டர். என் கட்டரில் பிளேடு 110 மில்லிமீட்டர்தான், ஆனால் சுற்று 13,000. கணக்குப் போட்டால் விநாடிக்கு 75 மீட்டர், மணிக்கு 270 கிலோமீட்டர். பலகைக்கு இதில் பாதி வேகம் கிடைத்தாலே வேகப்பந்து வீச்சாளர் கணக்குக்கு வந்துவிடும், பேட் இல்லாமல், ஹெல்மெட் இல்லாமல். "சின்ன பிளேடுதானே" என்று நானும் நினைத்தவன்தான்.

கவிழ்த்து வைத்த கட்டரில் ரைவிங் நைஃப் மாட்ட இடமே கிடையாது. தகடு பிளேடின் உடலை விடத் தடிமனாகவும், பல் வெட்டும் அகலத்தை விட மெல்லியதாகவும் இருக்க வேண்டும், பிளேடோடு இம்மி பிசகாமல் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். வீட்டில் செய்ய முடியாதது இல்லை. ஆனால் மெஷினின் மற்ற பாகங்கள் எல்லாம் சேர்ந்து எடுத்த நேரத்தை விட இது ஒன்றே அதிகம் எடுக்கும்.

மூன்றாவது, பிளேடு மூடி. கட்டரோடு வரும் மூடி கல் வெட்டுவதற்கானது. கவிழ்த்தால் அது பலகைக்கு அடியில் போய்விடும். கை இருக்கும் மேல்பக்கம் பிளேடு அம்மணமாக நிற்கும். 40 பல் பிளேடு என்றால் விநாடிக்கு 8,600-க்கு மேற்பட்ட பற்கள் ஒரே இடத்தைக் கடக்கின்றன. விரல் பட்டதும் கையை இழுக்க ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும் என்றால், அதற்குள் 1,700 பற்கள் போயிருக்கும். "ஜாக்கிரதையா இருந்தா போதும்" என்பதற்கு என் பதில் இந்தக் கணக்குதான்.

டிஸ்கில் அச்சடித்த எண்

இதே குடும்பத்தில் இன்னொரு வீட்டு வைத்தியம், 4 அங்குல கிரைண்டரில் மூடியைக் கழற்றிவிட்டு 7 அங்குல கட்டிங் டிஸ்க் மாட்டுவது. ஓட்டை அளவு சேராது, சின்ன மெஷினின் டிஸ்குக்கு 16 மில்லிமீட்டர், பெரியதற்கு 22 சொச்சம். அதற்கும் ஒரு வளையம் கடைந்து போட்டுவிடுகிறார்கள். கம்பெனிக்காரன் வேண்டுமென்றே அளவை மாற்றி வைத்துப் பெரிய மெஷின் விற்கிறான் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார்.

டிஸ்கைத் திருப்பிப் பாருங்கள். 4 அங்குலத்தில் 15,300 என்று இருக்கும், 7 அங்குலத்தில் 8,500 அல்லது அதை ஒட்டி. இந்த எண்கள் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. விளிம்பு வேகம் விநாடிக்கு 80 மீட்டரைத் தாண்டக் கூடாது. 4 அங்குல மெஷின் ஏறக்குறைய 11,000 சுற்று ஓடும். அதில் 7 அங்குல டிஸ்க் மாட்டினால் அனுமதித்த வேகத்தை விட 29 சதவீதம் அதிகம். சுழலும் பொருளுக்குள் உண்டாகும் இழுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், டிஸ்க் தாங்க வேண்டியது 1.67 மடங்கு. பசையும் வலையும் சேர்த்து இறுக்கிய கல் தகடு அது. உடைந்தால் துண்டுகள் எங்கே போகும் என்பதைத் தீர்மானிக்கும் மூடியையும் கழற்றியாகிவிட்டது. ஓட்டை அளவு வேறாக இருப்பது சதி இல்லை. தப்பானதை மாட்ட விடாமல் தடுக்கும் பூட்டு. புரோகிராமரின் பாஷையில் டைப் செக். வளையம் கடைந்து போடுவது, கம்பைலர் காட்டும் பிழையை கமெண்ட் போட்டு மறைப்பதற்குச் சமம்.

"இருவது வருசமா வெட்டறனுங்க"

அலமாரிக்கு அளவு சொல்லித்தந்த ஆசாரி அண்ணனிடம் சுவர் கதையைச் சொன்னேன். அவரும் கவிழ்த்த கட்டர்தான் வைத்திருக்கிறார். "ஏனுங்க சார், கரண்ட் போனா மொதல்ல பிளக்கப் புடுங்கோணுமுங்க. அது கைக்குத் தானா வரோணும். நான் இருவது வருசமா வெட்டறனுங்க, ஒண்ணும் ஆனதில்ல" என்றார். அவருடைய இடது கட்டை விரலில் நுனி இல்லை. அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். "இதுங்களா? இது ஆரம்பத்துல, பழகாதப்ப ஆனது" என்றார். விபத்துக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

அவரைக் குறை சொல்லவில்லை. அவர் சொன்ன பிளக் பாடம் சரியான பாடம். ஆனால் அதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, மெஷினில் இல்லாத பாதுகாப்பை அவர் தன் உடம்பில் கட்டி வைத்திருக்கிறார், அதற்குக் கூலியும் கொடுத்திருக்கிறார். வீடியோ பார்த்துச் செய்யும் நமக்கு மெஷின் கிடைக்கிறது, அந்தப் பழக்கம் கிடைப்பதில்லை. இரண்டு, இருபது வருஷம் வெட்டியதாகச் சொல்ல இருப்பவர்கள், தொழிலில் மிஞ்சியவர்கள் மட்டும்தான். பாதியில் விட்டுப் போனவர்கள் பட்டறையில் உட்கார்ந்து நமக்கு யோசனை சொல்வதில்லை.

அப்போ வாங்கினால் போதுமா?

"சொந்தமா செய்யாதே, கம்பெனி சாமான் வாங்கு" என்பதும் சோம்பேறி அறிவுரைதான். அமெரிக்காவில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டில், டேபிள் சா பிளேடில் கை பட்டு சிகிச்சைக்கு வருபவர்கள் ஆண்டுக்கு 30,000 அளவில். பெரும்பாலும் கடையில் வாங்கிய மெஷின்கள்தான். விரல் பட்டதும் 5 மில்லி விநாடிக்குள் பிளேடை நிறுத்தும் சா-ஸ்டாப் என்ற அமைப்பை ஸ்டீபன் காஸ் என்பவர் 1999 வாக்கில் உருவாக்கினார். பௌதிகத்தில் முனைவர், தொழிலில் காப்புரிமை வக்கீல். பெரிய கம்பெனிகள் அதை எடுத்துக்கொள்ளவில்லை, கடைசியில் அவரே மெஷின் செய்து விற்க ஆரம்பித்தார். கம்பெனி சாமானிலும் பாதுகாப்பு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளாது என்பதற்கு இதுவே சாட்சி.

நம் சந்தையில் இன்னும் மோசம். ரைவிங் நைஃப் இல்லாத, சாதாரண ஸ்விட்ச் வைத்த பெயரில்லாத டேபிள் சாக்கள் பில்லோடு விற்பனைக்கு இருக்கின்றன. அதை வாங்குவதும் நான் செய்ததும் ஒன்றுதான், பெயிண்ட் மட்டும் வித்தியாசம்.

அதோடு, நான் கோயம்புத்தூர்க்காரன். ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் சொந்தமாக எலக்ட்ரிக் மோட்டார் செய்த ஊரில் இருந்துகொண்டு "சொந்தமா மெஷின் செய்யாதே" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரே டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு கருவி

அப்போது கோட்டை எங்கே போடுவது? எனக்கு இதைத் தெளிவாக்கியது பழைய மைக்ரோவேவ் அவனின் டிரான்ஸ்ஃபார்மர். அதை வைத்து இரண்டு கருவிகள் செய்கிறார்கள்.

ஒன்று, ஸ்பாட் வெல்டிங் மெஷின். உயர் அழுத்தச் சுருளை வெட்டி எடுத்துவிட்டு, தடித்த கேபிளை இரண்டு மூன்று சுற்று சுற்றினால் 2 வோல்ட், 3 வோல்ட்டில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கிடைக்கும். தகடு ஒட்டும். வெளிவரும் முனைகளைத் தொட்டாலும் ஷாக் அடிக்காது, அதிகபட்சம் சூட்டுக் காயம்.

இன்னொன்று, பலகையில் மின்னல் கிளைகள் மாதிரி கோலம் எரிப்பது. உயர் அழுத்தச் சுருளை அப்படியே வைத்துக்கொண்டு, 2,000 வோல்ட் அளவிலான மின்சாரத்தை ஈரப் பலகையில் பாய்ச்சுகிறார்கள். வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே, ட்ரிப் ஆகிவிடாதா? ஆகாது. அது தன் வழியாகப் போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமா என்று மட்டும் பார்க்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப்பக்கம் ஒருவர் உடம்பு வழியாகப் பாயும் கரண்ட் அந்தப்பக்கச் சுருளுக்கே திரும்பிவிடும். ஆர்.சி.சி.பி. கண்ணுக்கு எல்லாம் சமமாகத்தான் தெரியும். அமெரிக்க மரக்கடைசல் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதை 2017-இல் தடை செய்தது. இதில் இறந்தவர்களாக அந்தச் சங்கம் கணக்கு வைத்திருப்பது 30 பேருக்கு மேல். பலர் கைதேர்ந்த மரவேலைக்காரர்கள்.

இரண்டுமே வீட்டில் செய்தவை, ஒரே சாமானிலிருந்து. ஒன்று சொதப்பினால் விரல் சுடும், இன்னொன்று சொதப்பினால் ஆள் இல்லை. ஆகவே "வீட்டில் செய்ததா, கடையில் வாங்கியதா" என்ற கேள்வியே சரியான இடத்தில் வெட்டவில்லை.

கனடாவின் மத்தியாஸ் வாண்டல், பிளாக்பெர்ரி போன் செய்த கம்பெனியில் வேலை பார்த்த இன்ஜினியர், மரத்திலேயே பேண்ட் சா செய்து காட்டியவர். பேண்ட் சாவில் பிளேடு எப்போதும் பலகையை மேஜை மீது கீழ்நோக்கியே அழுத்தும். டேபிள் சா மாதிரி நம் மீது எறியாது. விரலை வெட்டும், அது உண்மை. ஆனால் தோற்கும் விதத்தில் ஒன்று குறைந்திருக்கிறது. வீட்டில் எதைச் செய்யலாம் என்று தேர்ந்தெடுப்பதிலேயே பாதி பாதுகாப்பு வந்துவிடுகிறது.

என் மூன்று கேள்விகள்

இப்போது எந்த மெஷினாக இருந்தாலும், செய்வதற்கு முன்னாலும் வாங்குவதற்கு முன்னாலும், இதைக் கேட்கிறேன்.

1. இது தோற்றால் அந்த சக்தி எங்கே போகும்? மூடிக்குள்ளா, தரைக்கா, என் வயிற்றுக்கா?

2. யார் நிறுத்துவார்கள்? நான் கையை எடுத்தாலோ கரண்ட் போனாலோ தானாக நின்று, தானாக ஓடாமல் இருக்குமா? அல்லது நான் ஞாபகமாக ஒன்று செய்ய வேண்டுமா?

3. பக்கத்தில் நிற்பவருக்கு இது தெரியுமா? ஆசாரி அண்ணனின் பழக்கம் அவர் கையில் இருக்கிறது. என் மகளின் கையில் இல்லை.

டிரில் மெஷினில் மாட்டும் சாண்டிங் தட்டு, ஜிக்சாவுக்கு ஒரு ஸ்டாண்ட், தூசி பிடிக்கும் டப்பா, இவையெல்லாம் மூன்றிலும் தேறும். தாராளமாகச் செய்யலாம், நானும் செய்கிறேன். கவிழ்த்த கட்டர் மூன்றிலும் தோற்றது. பிரித்துவிட்டேன். கட்டர் இப்போது டைல்ஸ் மட்டும் வெட்டுகிறது.

அலமாரி என்ன ஆனது? மூன்றாவது வழி ஒன்று இருந்ததை நான் யோசிக்கவே இல்லை. அளவுகளைப் பேப்பரில் எழுதிக்கொண்டு ப்ளைவுட் கடைக்குப் போனேன். பெரிய பேனல் சாவில் ஒரு வெட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு அரை மணி நேரத்தில் மொத்தத்தையும் வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். கூலி, நான் கட்டருக்குக் கொடுத்ததில் கால்வாசி கூட இல்லை. வீட்டில் சேர்த்து ஸ்க்ரூ போட்டது மகளும் நானும்.